பக்கவாதத்துக்குப் பிறகு: எண்ணெய், கிழி, வர்மம், பிசியோதெரபி

ஒருவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது என்ற செய்தி பரவியதும் பார்க்க வருகிறவர்கள் பழத்தோடு முகவரிகளையும் கொண்டு வருகிறார்கள். மலையடிவாரத்தில் ஓர் ஆசான், ஆந்திர எல்லையில் பச்சிலை கொடுக்கும் ஒரு குடும்பம், கேரளத்தில் மூன்று வாரம் தங்கி, வெதுவெதுப்பான எண்ணெயை உடலில் பிழிந்து ஊற்றும் பிழிச்சல் செய்துகொள்ளும் வைத்தியசாலை, நாட்டு மருந்துக் கடையில் மட்டும் கிடைக்கும் ஒரு தைலம் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்து பேச்சும் போயிருந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கும் அவையெல்லாம் வந்தன. நாங்கள் நாகர்கோவிலுக்கு அருகில் இருக்கிறோம். வர்ம ஆசான்களின் மரபு தலைமுறைகளாக நிலைபெற்ற வட்டாரம் இது. கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வடக்கே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆகவே எங்களைப் போன்ற வீடுகளில் மரபு மருத்துவம் வேண்டுமா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எப்போது தொடங்குவது என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் பிற குடும்பங்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் சில மணி நேரத்தில் எந்த மரபு மருத்துவத்துக்கும் இடமில்லை என்பதைத் தயக்கமில்லாமல் சொல்லிவிட வேண்டும். பக்கவாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்படுவதால் வருகின்றன. மற்றவை ரத்தக்குழாய் வெடித்துக் கசிவதால் வருகின்றன. இரண்டிலும் வாய் கோணுகிறது, கை விழுகிறது, பேச்சு குழறுகிறது. நாடி பார்த்தோ ஸ்டெதஸ்கோப் வைத்தோ இந்த இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது, சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 3 மணி நேரத்துக்குள் போட்டால் பயன் உண்டு என்று 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை 4.5 மணி நேரமாக நீட்டியது. பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை வழியாகக் குழல் செலுத்தி ரத்தக்கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் முறையும் உண்டு. 2015-இல் உறுதிப்பட்ட அந்தச் சிகிச்சையை, ஸ்கேனில் காப்பாற்றத்தக்க மூளைப்பகுதி இன்னும் தெரிகிற சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம் என்று 2018-இல் வெளியான ஆய்வுகள் நிறுவின. சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஒரு நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டுச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் நம் கைப்பேசியில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் அந்த வாட்ஸ்அப் செய்தி குறுக்கே வருகிறது. ஊசியைச் சூடுகாட்டிப் பத்து விரல் நுனிகளிலும் குத்தி ரத்தம் வரவழைக்க வேண்டும், வாய் கோணியிருந்தால் காது மடலிலும் குத்த வேண்டும், அதுவரை நோயாளியை இடத்தை விட்டு நகர்த்தவே கூடாது என்று அது சொல்கிறது. விரல் நுனியில் ரத்தம் எடுக்கும் பழைய சீன வழக்கம் ஒன்றிலிருந்து கிளைத்த செய்தி அது. ஊசிக் குத்தைவிட, நகர்த்தக் கூடாது என்ற அந்த ஒரு வரிதான் ஆளைக் கொல்லக்கூடியது. கஷாயமோ, சூடான பாலோ, தேனில் குழைத்த சூரணமோ வாயில் ஊற்றுவதும் அவ்வளவே ஆபத்தானது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் திறன் கெட்டிருக்கும், வாயில் விட்டது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக முற்றிவிடும். மருத்துவமனையில் ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்து விழுங்குகிறாரா, இருமுகிறாரா, குரல் ஈரமாக மாறுகிறதா என்று பார்த்த பிறகே வாய்வழி உணவு தொடங்குவார்கள். ஆங்கில மருந்துக்காரர்களையும் இங்கே விட்டுவிட முடியாது. மாரடைப்புக்குச் சொல்வதை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஆஸ்பிரினைக் கொடுத்து விடுகிறவர்கள் உண்டு. உள்ளே நடந்திருப்பது ரத்தக்கசிவாக இருந்தால் அது கசிவைக் கூட்டும். 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றுதான் அந்த நேரத்தின் வேலை.

மரபு மருத்துவத்தின் கேள்வி வீடு திரும்பிய பிறகு எழுகிறது. சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் நிலையாகப் பார்க்கிறது; யூகி முனிவர் பெயரில் வழங்கும் நூல் வாத நோய்களை 80 என வகுக்கிறது, பக்கவாதம் அவற்றில் ஒன்று. அந்த நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் மண்டைக்குள் பார்க்க வழியில்லாததால், விழுந்த கையும் காலும்தான் நோயாகத் தெரிந்தன; ஆகவே சிகிச்சையும் கையையும் காலையுமே சுற்றி வளர்ந்தது. தைலம், ஒற்றடம், கிழி, தொக்கணம் எனும் உடல் பிடித்துவிடும் முறை, வர்மப் புள்ளிகளைத் தூண்டுதல், உள்ளுக்குச் சூரணமும் செந்தூரமும் என்று அது விரிகிறது. தொக்கணத்தை மட்டுமே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள். இவற்றில் கடைசியான அசைத்தல், இன்றைய பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் மூட்டுகளைத் தானே மடக்கி நீட்டிக் கொடுப்பதற்கு மிக நெருக்கமானது. முறுக்கலும் இழுத்தலும் பக்கவாதத் தோளுக்கு எவ்வளவு ஆகாதவை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் போன ஆசான் எழுபதைக் கடந்தவர். பதிவு பெற்ற சித்த மருத்துவரான அவருடைய மகனும் அதே கட்டிடத்தில் அமர்ந்திருந்தார். தொலைபேசியில் பேசியபோதே ஆசான், "ஸ்கேன் ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டும் எடுத்துட்டு வாங்கம்மா, அதைப் பாக்காம நான் கை வைக்க மாட்டேன்" என்றார். போனதும் மகன் பிரஷர் பார்த்தார். அன்று சற்றுக் கூடுதலாக இருந்ததால் எண்ணெய் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த முறை நொச்சி, ஆமணக்கு, வாதநாராயணன் இலைகளை வதக்கித் துணியில் முடிந்த கிழியை இரும்புச் சட்டியில் சூடாக்கி எடுத்த ஆசான், முதலில் அதைத் தன் புறங்கையில் வைத்துப் பார்த்தார், பிறகு அப்பாவின் இடது முன்கையில், அதாவது உணர்ச்சி நன்றாக இருக்கும் பக்கத்தில், வைத்து "சூடு தாங்குதா?" என்று கேட்டார், அப்பா தலையாட்டிய பின்தான் வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனார். மரத்துப்போன பக்கம் சூட்டைச் சொல்லாது என்பது அவருக்குப் பட்டறிவில் தெரிந்திருந்தது. இந்த ஒரு பழக்கம் இல்லாத இடங்களில் கொப்புளத்தோடு வீடு திரும்பியவர்களை நான் பிசியோதெரபி அறையின் வாசலில் பார்த்திருக்கிறேன்.

இனி, இவையெல்லாம் குணப்படுத்துகின்றனவா? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான முயற்சியோடு விடை தேடியவர்கள் சீன மருத்துவத்துக்காரர்கள். ஒன்பது தாவரப் பொருட்களும் ஐந்து விலங்குப் பொருட்களும் சேர்ந்த ஒரு கூட்டு மருந்தை, பக்கவாதம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த சைம்ஸ் ஆய்வில் சுமார் 1,100 பேர் சேர்க்கப்பட்டனர். சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து முதலிய நாடுகளோடு இலங்கையும் அதில் பங்கேற்றது. 2013-இல் முடிவு வந்தது: மூன்று மாத இறுதியில் மருந்து உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூளை ரத்தக்கசிவுக்குச் சீனாவில் பரவலாகக் கொடுக்கப்படும் இன்னொரு மூலிகைக் கூட்டு மருந்தை 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த ஆய்வு 2024-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. அதிலும் பயன் காணப்படவில்லை. அக்குபங்சர் பற்றிய 31 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை (காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஓர் அமைப்பு), சில பயன்கள் தென்பட்டாலும் ஆய்வுகளின் தரம் போதாததால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. யோகாவைப் பற்றிய 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கைக்குக் கிடைத்தவை மொத்தம் இரண்டே ஆய்வுகள். அவற்றில் இருந்தவர்கள் 72 பேர். சித்த மருத்துவத்தில் வெளியாகியிருப்பவை பெரும்பாலும் தனி நோயாளிக் குறிப்புகளும் சிறு ஆய்வுகளுமே. மாத்திரையைப் போல வெற்று எண்ணெய் என்று ஒன்றைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிதன்று. தேய்க்கும் கை தேய்க்கப்படுகிறவருக்குத் தெரியத்தான் செய்யும்.

இதைச் சொல்லிவிட்டு நவீன மருத்துவத்தின் தோல்விகளைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை கைகால் அசைவை மீட்கும் என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2018-இல் 3,127 பேரிடம் நடந்த பிரிட்டன் ஆய்வில் அது பொய்த்தது, எலும்பு முறிவுகளும் கூடின. முதல் நாளிலேயே எழுப்பி அடிக்கடி நடக்க வைத்தால் நல்லது என்று நம்பி நடத்திய 2015-ஆம் ஆண்டின் அவெர்ட் ஆய்வில், அப்படி அவசரப்படுத்தப்பட்டவர்களின் நிலை சற்று மோசமாகவே இருந்தது. நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரைச் சேர்த்து, குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே மறுவாழ்வுச் சிகிச்சை செய்ய வைத்த அட்டெண்ட் ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தபோது, ஆறு மாத முடிவில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு தெரியவில்லை. படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அப்போது அந்தக் குடும்பத்தார் செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். ஆனால் சோதித்தார்கள், தோற்றதை அச்சிட்டார்கள் என்பதில் ஒரு மதிப்பு இருக்கிறது. முகவரியோடு வந்த உறவினர்கள் யாரும் அந்த வைத்தியரிடம் போய்ப் பயன்படாதவர்களின் கதையைச் சொல்லவில்லை.

பயன்பட்டவர்களின் கதைகள் ஏன் இவ்வளவு ஏராளமாக இருக்கின்றன என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. பக்கவாதத்தில் இழந்த அசைவு மருந்தில்லாமலும் ஓரளவு திரும்புகிறது. அந்த மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நடக்கிறது, பிறகு வேகம் குறைகிறது. மூளையில் அடிபட்ட இடத்தைச் சுற்றியுள்ள வீக்கம் வடிகிறது, அருகிலிருக்கும் நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. இப்போது ஒரு குடும்பம் என்ன செய்கிறது என்று பாருங்கள். மருத்துவமனையிலிருந்து இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வீடு திரும்புகிறார்கள். வைத்தியரைத் தேடிப் போகிறார்கள். அவர் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொல்கிறார். ஒரு மண்டலம் என்பது 48 நாள். உடல் தானாகவே மிக வேகமாகத் தேறும் காலத்துக்குள் அந்த 48 நாளும் கச்சிதமாக அடங்கிவிடுகின்றன. மண்டலம் முடியும்போது நோயாளி கைத்தடியோடு நடக்கிறார்; பெயர் தைலத்துக்குப் போகிறது. வைத்தியர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருமே தன் கண்ணால் பார்த்துத்தான் நம்புகிறார். இதே ஐயம் பிசியோதெரபிக்கும் பொருந்தும் என்பதால்தான், சிகிச்சை பெறாத அல்லது வேறு சிகிச்சை பெற்ற ஒரு பிரிவை எதிரே வைத்துப் பார்க்காத எந்த வெற்றிக் கதையையும் நான் இப்போது சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

கதைகளில் வராத ஆபத்துகளில் முதலாவது மாத்திரையை நிறுத்துவது. "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் நம்ம மருந்து பிடிக்கும்" என்று பத்தியத்தோடு சேர்த்துச் சொல்லும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை பக்கவாதம் வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். 6,105 பேரைக் கொண்டு நடந்து 2001-இல் வெளியான ப்ராக்ரஸ் ஆய்வு, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள் மறு பக்கவாதத்தை 28 விழுக்காடு குறைத்ததைக் காட்டியது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போய் அதனால் ரத்தக்கட்டி உண்டாகிறவர்களுக்கு, வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. எந்தத் தைலத்துக்கும் எந்தச் செந்தூரத்துக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது. இந்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாதத்துக்கான செந்தூரங்களிலும் மெழுகுகளிலும் ரசம் (பாதரசம்), கந்தகம், தாளகம் (ஆர்சனிக் சேர்ந்த கனிமம்) போன்றவை சேர்வது மரபிலேயே உள்ளது. முறையாகச் சுத்தி செய்தால் நஞ்சு நீங்கும் என்பது அவர்கள் கொள்கை. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்டறியப்பட்டது. அப்பாவுக்கு முன்பே சர்க்கரையால் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தது. அதைச் சொன்னதும் ஆசானின் மகன் உள்மருந்தே வேண்டாம் என்று வெளிப்பூச்சோடு நிறுத்திக்கொண்டார். வார்ஃபரின் உண்பவர்கள் எந்த மூலிகையைத் தொடங்கினாலும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை உடனே செய்து பார்க்க வேண்டும். அது மேலே போனாலும் கீழே போனாலும் கேடுதான்.

கை வைத்தியத்துக்கும் எல்லைகள் உண்டு. செயலிழந்த கையைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் தோள்மூட்டு தன் குழியிலிருந்து சற்றே இறங்கி நிற்கும். அந்த நிலையில் கையை முறுக்கி இழுத்தால் வலி மாதக்கணக்கில் நீடித்து, மீட்சியையே தடுத்துவிடும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் அங்கே ரத்தம் உறைந்திருக்கலாம், அதைத் தேய்க்கவே கூடாது. கழுத்தைச் சொடுக்குவதை நோயாளிகள் மட்டுமன்றி எல்லாருமே விட்டுவிடலாம். முடிதிருத்தும் கடையில் தலையைச் சட்டென்று திருப்பும் அந்த இலவசச் சேவையால் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து, பக்கவாதமே வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. புறா ரத்தத்தைப் பூசுவதும் இன்னும் நடக்கிறது. அத்தை ஒருவர் புறாவுக்கே ஏற்பாடு செய்துவிட்டார், புறா தப்பித்தது.

இத்தனைக்கும் பிறகு ஏன் ஆசானிடம் தொடர்ந்து போனோம் என்று கேட்கலாம். நரம்பியல் மருத்துவர் எங்களுக்கு ஒதுக்க முடிந்தது சில நிமிடங்கள். வெளியே வரிசை நின்றது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆசான் அந்தக் கையை ஒரு மணி நேரம் தன் கையில் வைத்திருந்தார். விரல் விரலாக நீட்டினார், மணிக்கட்டைச் சுழற்றினார், "நீங்களும் மனசால மடக்குங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே செய்தார். வெதுவெதுப்பான எண்ணெய்க்குப் பிறகு இறுகியிருந்த விரல்கள் சற்று நேரத்துக்குத் தளர்வது எங்களுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அந்தத் தளர்ச்சி நீடிக்காது. ஆனால் அந்த இடைவெளியில் பிசியோதெரபிப் பயிற்சியைச் செய்தால் அப்பா முகம் சுளிக்காமல் செய்தார். ஆகவே வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு இதுதான்: காலை மாத்திரைகள், பிறகு லேசான எண்ணெய்த் தேய்ப்பு, உடனே பயிற்சி. எண்ணெய் என்ன எண்ணெய் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. டம்ளரை எடுத்து வைப்பது, சட்டைப் பொத்தானைப் போடுவது, பயறைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றுவது என்று குறிப்பிட்ட ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் மூளைக்குப் பாடம்; மற்றவை அந்தப் பாடத்துக்கு உடலை உட்கார வைக்கும் ஏற்பாடுகள்.

அந்தப் பயிற்சிகளில் ஒன்றுக்கு நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், வெட்டுண்ட கையில் வலிப்பதாக உணர்கிறவர்களுக்காக ஒரு கண்ணாடிப் பெட்டியை அமைத்தார். அவரும் உடனிருந்து 1999-இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பு, அதே உத்தியைப் பக்கவாதக் கைக்கும் பயன்படுத்தலாம் என்று காட்டியது. மேசையில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அசைத்தால், கண்ணாடியில் தெரியும் பிம்பம் விழுந்த கையே அசைவது போலக் காட்டும். 62 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, இதனால் அசைவு மேம்படுகிறது என்பதற்கு மிதமான வலுவுள்ள சான்று இருப்பதாகச் சொல்கிறது. செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் விலை. இதை எந்த உறவினரும் எங்களுக்குச் சொல்லவில்லை, பிசியோதெரபிஸ்ட்தான் சொன்னார்.

பேச்சுக்கு வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னவர்கள் பலர். பேச்சு போனது நாக்கின் குறையால் அன்று, இடப்பக்க மூளையில் மொழிக்கான பகுதி அடிபட்டதால் என்று சொல்லி அதைத் தவிர்த்தோம். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத அப்பா, சின்ன வயதில் மனப்பாடமான தேவாரத்தை நாங்கள் தொடங்கினால் அடி தவறாமல் கூடவே பாடினார். பேச முடியாதவர்கள் பாட முடிவது மருத்துவத்தில் நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. இதை வைத்து, சொற்றொடரை ராகம்போல் இழுத்துச் சொல்ல வைக்கும் பயிற்சியை 1973-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். பேச்சுப் பயிற்சியாளர் அந்த வழியில்தான் "தண்ணி தா" என்பதை அப்பாவுக்கு மீட்டுக் கொடுத்தார்.

கேரளத்துக்கோ வேறெங்கோ போய்த் தங்கிச் சிகிச்சை எடுக்கலாமா என்று கேட்டு எனக்கு இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். நிலை சீராகி, உங்கள் நரம்பியல் மருத்துவரும் சரி என்றால், பணம் கையிலிருந்தால், போகலாம். கடன் வாங்கிப் போவதற்கான சான்று எதுவும் இல்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. அதை முதலில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். தங்கிச் சிகிச்சை என்று முடிவு செய்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்பு மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள்: மருத்துவர் பதிவு பெற்றவரா, உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதித் தருவார்களா, தங்கியிருக்கும் நாட்களில் தினமும் பிரஷர் பார்த்து இப்போதைய மாத்திரைகளை நேரத்துக்குக் கொடுப்பது யார் பொறுப்பு. மூன்றாவது கேள்விக்கு, இங்கே அதெல்லாம் தேவைப்படாது என்று பதில் வந்தால் முன்பணம் கட்ட வேண்டாம்.